செட்டுக்கு ஏன் இத்தனை வேலை

அந்தக் காலத்தில் சொற்கள் வாய்க்குள் குடியிருக்கவில்லை. அவற்றுக்குக் கையும் காலும் இருந்தன. ஊருக்கு வடக்கே, கருவேலங்காடு முடிகிற இடத்தில் ஒரு பாறைமேடு உண்டு. அங்கேதான் எல்லாச் சொற்களும் வீடு கட்டிக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டு வாழ்ந்தார்கள்.

ஊரில் யாராவது பேச வாய் திறந்தால் போதும். எந்தச் சொல் வேண்டுமோ அது மேட்டிலிருந்து ஓடிப்போய் அவர்கள் நாக்கில் ஏறி நிற்கும். சொல்லி முடித்ததும் இறங்கி வீட்டுக்கு வந்துவிடும். காற்றைவிட வேகமாக ஓடுவார்கள் என்பதால் பேசுகிறவர்களுக்கு இது ஒன்றும் தெரியாது. எப்போதாவது ஒரு சொல் வரத் தாமதமானால் மட்டும், "அது வந்து... அது வந்து..." என்று இழுத்துக்கொண்டு நிற்பார்கள்.

சொற்களுக்குச் சோறு கிடையாது. கூப்பிடுவதுதான் சோறு. நாலு பேர் கூப்பிட்டால் கன்னத்தில் சதை வைக்கும். நாற்பது பேர் கூப்பிட்டால் நடையே மாறிவிடும். கூப்பிட ஆளில்லாத சொல், வெயிலில் மறந்து வைத்த கீரைக்கட்டு மாதிரி வதங்கிப்போகும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒரு சொல்லுக்குக் காய்ச்சலோ கால்வலியோ வந்து போக முடியாவிட்டால், தனக்குப் பதிலாக இன்னொரு சொல்லை அனுப்பலாம். அப்படிப் போகிறவருக்கு மாத்தாள் என்று பெயர். ஆனால் ஒரே வேலைக்கு ஒரே மாத்தாள் மூன்று தடவை போய்விட்டால், அந்த வேலை மாத்தாளுக்கே சொந்தம். பிறகு அழுதாலும் கிடைக்காது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டவர் வழக்கு என்பவர். எல்லாரும் வழக்கண்ணன் என்பார்கள். அதிர்ந்து பேசமாட்டார். சொன்னதை மாற்றவும் மாட்டார்.

மேட்டின் நடுத்தெருவில் ஜோடியின் வீடு. இரண்டு இரண்டாக எது இருந்தாலும் ஜோடிக்குத்தான் வேலை. காளை மாடு, செருப்பு, தோடு, கொலுசு, கல்யாண மாப்பிள்ளையும் பெண்ணும், வண்டிப்பேட்டை மாடத்தி கடையில் இலையில் விழுகிற இரண்டு தோசை, எல்லாம் அவள்தான். அவளும் நன்றாக இருந்தாள். பூசினாற்போல உடம்பு. இரண்டு மூக்குத்தி, இரண்டு கொண்டை. "எனக்கு ரெண்டு கை. ரெண்டுக்கு மேல தொடமாட்டேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

ஆனால் ஜோடி அந்த மேட்டில் பிறந்தவள் இல்லை. வெகுகாலம் முன்பு வடக்கேயிருந்து வண்டி ஏறி வந்தவள். அதற்கு முன் இந்த வேலையெல்லாம் பார்த்தவள் இணை. ஒரு மழைக்காலத்தில் இணைக்கு மூட்டுவலி. "நான் போயிட்டு வாரேன்க்கா, நீங்க படுங்க" என்று ஜோடி மாத்தாளாகப் போனாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவ்வளவுதான். இணை இப்போது மேட்டின் கடைசியில், ஏட்டில் மட்டும் எழுதுகிற பழஞ்சொற்களின் வீட்டில் கிடக்கிறாள். யாராவது கல்யாண வாழ்த்து அச்சடித்தால்தான் அவளுக்கு வெளி வெயில்.

அதனால்தான் புதுச்சொல் எது மேடு ஏறி வந்தாலும் ஜோடி அதை ஏற இறங்கப் பார்ப்பாள். அடுத்தவள் இடத்தை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியும். அவளே செய்ததுதானே.

ஒரு சித்திரை மாதம், உச்சிவெயிலில், ஒருத்தி மேடு ஏறி வந்தாள். ஒல்லி, குட்டை. இரண்டு பாதமும் தேய்ந்துபோய் இருந்தன. வந்தவள் யாரையும் பார்க்கவில்லை. நிழல் எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்தாள்.

"கொஞ்சம் உட்கார்ந்துக்கவா?" என்று கேட்டாள்.

அடுக்கு எட்டிப் பார்த்தாள். அடுக்கு நெட்டையானவள். பானை சட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினால் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"உட்காரு, உட்காரு. யாரும்மா நீ?"

"செட்டு."

"அவ்வளவுதானா? முன்னால பின்னால ஒண்ணும் இல்லையா?"

"இல்லக்கா. அவ்வளவுதான்."

"சொல்லி வாயை மூடுறதுக்குள்ள முடிஞ்சு போச்சே! எந்த ஊரு?"

"கடலுக்கு அந்தப் பக்கம். இங்கிலீசுக்காரங்க ஊரு."

"அங்க என்ன வேலை பார்த்தே?"

செட்டு பெருமூச்சு விட்டாள். "என்ன வேலை பார்க்கலன்னு கேளுங்கக்கா. காலையில சாப்பாட்டு மேசையில தட்டு எடுத்து வைக்கிறதுக்கு என்னைத்தான் கூப்பிடுவாங்க. கடிகாரத்துல மணி திருத்த நான். எலி பிடிக்கப் பொறி வைக்க நான். ஒடிஞ்ச எலும்பு ஒண்ணுசேர நான். ஊத்தி வச்ச கூழு கெட்டியாக நான். வீட்டுக்குத் தீ வச்சாலும் நான்தான். சாயங்காலம் சூரியன் இறங்குமே, அதுக்கும் நான் போய் நிக்கணும். ராத்திரி படுத்தா, கோழி அடைக்கு உட்காருதுன்னு யாராவது எழுப்புவாங்க. என்கூட இருந்தவங்க எல்லாம் ஒரு வேலை ரெண்டு வேலையோட சௌக்கியமா இருந்தாங்க. நான் மட்டும் நாய்படாத பாடு. ஒருநாள் முடியலன்னு கப்பல்ல ஏத்துன பெட்டிக்குள்ள ஒளிஞ்சுகிட்டேன்."

"அடப்பாவமே."

"இங்க எனக்கு ஒரே ஒரு வேலை குடுத்தாப் போதும்க்கா. அதைச் செஞ்சிட்டு மீதி நேரம் இப்படியே உட்கார்ந்திருப்பேன்."

சுற்றி நின்ற சொற்களுக்கு இரக்கம் வந்துவிட்டது. ஜோடிக்கு வரவில்லை. அவள் கடைசிப் பேச்சைக் காதிலேயே வாங்கவில்லை. முதல் பாதியிலேயே நின்றுவிட்டாள். சூரியன் இறங்குவதற்குக்கூட இவளைக் கூப்பிட்டார்களாமே! என்னை எந்தச் சூரியன் கூப்பிட்டது? சூரியன் ஒற்றையாக அல்லவா இருக்கிறது. ஒற்றையாக இருக்கிற எதுவும் தன்னைக் கூப்பிடப்போவதில்லை என்று அன்றைக்குத்தான் அவளுக்கு முதல்முதலாக உறைத்தது. அன்று முழுவதும் அவள் முகம் சரியில்லை.

வழக்கண்ணன் வந்து விசாரித்தார். தாடையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஆடி முடியிற வரைக்கும் இருக்கட்டும். ஒரு வேலை குடுப்போம். ஊரார் வாய்ல தங்குச்சுன்னா இங்கேயே இருக்கலாம். தடுமாறி, ஊரார் இவளைப் பார்த்துச் சிரிச்சிட்டாங்கன்னா, வந்த கப்பல்லயே போயிரணும்."

"சரிண்ணே" என்றாள் செட்டு. கப்பல் என்றதும் தேய்ந்த பாதங்களைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவளுக்குக் கிடைத்த வேலை கிழக்குத் தோட்டத்துக் குருவன் வீட்டில். குருவன் அப்போதுதான் கிணற்றுத் தண்ணீர் இறைக்க ஓர் எந்திரம் வாங்கியிருந்தான். அதோடு பம்பு என்ற சொல்லும் வந்திருந்தான். பம்புக்குத் தனியாகப் போகப் பயம். எந்திரத்தைச் சொல்கிறார்களா, குழாயைச் சொல்கிறார்களா, அது இருக்கிற கொட்டகையைச் சொல்கிறார்களா என்று தெரியாமல் நாக்கில் நின்று நடுங்குவான்.

"நீ முன்னால நில்லு தம்பி. நான் பின்னால உன் கையைப் பிடிச்சுக்கிறேன்" என்றாள் செட்டு. "எந்திரம், குழாய், கொட்டகை, எல்லாம் சேர்ந்ததுன்னு நினைச்சுக்க. ஒவ்வொண்ணாப் பார்த்தாத்தான் பயம் வரும்."

இருவரும் போனார்கள். குருவன் வரப்பில் நின்று கத்தினான்: "ஏலே, நம்ம தோட்டத்துல பம்புசெட்டு ஓடுதுலே! குளிக்கிறவன் எல்லாம் வாங்கலே!"

பத்துப் பேர் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு ஓடினார்கள். பம்புசெட்டு, பம்புசெட்டு! செட்டு நனைந்த தலையோடு மேடு ஏறி வந்தபோது கன்னம் இரண்டும் எண்ணெய் தடவினதுபோல மினுமினுத்தன. வந்ததும் பழைய நிழலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"நம்மள்ல யாரும் இப்படி அடுத்தவன் கையைப் பிடிச்சுகிட்டுப் பின்னால நின்னு வேலை பார்த்ததில்லை" என்றார் வழக்கண்ணன். "நல்லாத்தான் இருக்கு."

இதை அவர் ஜோடியின் வாசலில் நின்றுகொண்டா சொல்ல வேண்டும்? ஜோடிக்கு உள்ளே பற்றிக்கொண்டது. இத்தனை வருஷம் வெயில் மழை பார்க்காமல் ஓடியிருக்கிறாள். ஒருநாள் இந்த மனுஷன் வாயிலிருந்து நல்லாருக்கு என்று வந்ததுண்டா? நேற்று வந்தவள் ஒரே ஒரு தடவை போய்வந்தாள், அதற்குள் கன்னம் மின்னுகிறது. ஜோடி கண்ணாடியில் தன் கன்னத்தைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் செட்டுவினுடையதுபோல இல்லை என்று பட்டது. பிறகு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கண்ணாடி பார்க்க ஆரம்பித்தாள்.

அந்த வாரமே அவள் அடுக்கையும் பொருத்தத்தையும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். பொருத்தம் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொள்கிற ஆள். ஜாதகம் பார்க்கிற இடத்துக்குப் போவதென்றால் அவருக்கு உற்சாகம். சட்டை அளவு சரியா, காளைக்கு வண்டி ஒத்துவருமா என்கிற சில்லறை வேலைகளுக்குக் கூப்பிட்டால் முனகிக்கொண்டே போவார்.

"புதுசா வந்தவளை எல்லாரும் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்க" என்றாள் ஜோடி. "பம்புக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னா யாருக்குத்தான் வேலை தெரியாது? நம்ம வேலைக்கு அவளை மாத்தாளா அனுப்புவோம். எல்லாரும் ஒரே நேரத்துல அனுப்புவோம். எதுலயாவது தடுமாறுவா. ஊர் சிரிக்கும். கப்பல் ஏறட்டும்."

அடுக்குக்கு யோசனை. "மூணு தடவை ஆயிருச்சுன்னா?"

"மூணு ஏன் ஆகுது? ரெண்டோட நிறுத்திக்கிட்டு மூணாவதுக்கு நாமளே போயிருவோம்."

"எனக்குச் சம்மதம்" என்றார் பொருத்தம். "சட்டை, வண்டி, செருப்பு அளவு, எல்லாத்துக்கும் அவளே போகட்டும். எனக்கும் கொஞ்சம் ஓய்வு."

"அவ பாவம்ல ஜோடி" என்றாள் அடுக்கு.

"ஏன், நீ அவளுக்கு அக்காவா? அப்ப அவ வீட்டுலயே போய் இருந்துக்க."

அடுக்கு சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். ஜோடியிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாளிலிருந்து செட்டுக்கு உட்கார நேரமில்லை. பூலம்மாள் மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கினாள். அடுக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினாள். செட்டு போனாள். "ஒரு செட்டு பாத்திரம் எடுத்தாச்சு" என்று பூலம்மாள் தெருவெல்லாம் சொன்னாள். கல்யாண மாப்பிள்ளை சட்டை போட்டுப் பார்த்தான். பொருத்தம் இருமினார். செட்டு போனாள். "இந்தக் கலரு எனக்கு செட்டாகல" என்றான் மாப்பிள்ளை. "கருப்பா இருக்கிறவனுக்கு எந்தக் கலருடா செட்டாகும்?" என்றார்கள் கூடச் சுற்றுகிற அவன் சேக்காளிகள். ஊர் சிரிக்கத்தான் செய்தது. ஆனால் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தது.

ஜோடி தினமும் மாலையில் வாசலில் நின்று கேட்டாள்: "என்ன, சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்கக்கா. என்னைப் பார்த்து இல்ல" என்பாள் செட்டு, கள்ளமில்லாமல்.

ஜோடி தன் வேலையில் ஒன்றையும் கொடுக்க முடிவு செய்தாள். யோசித்து யோசித்து, மாடத்தி கடைத் தோசையை எடுத்தாள். காரணம் இருந்தது. வண்டிப்பேட்டையில் பசியோடு வருகிற வண்டிக்காரர்கள் கிண்டலுக்குப் பேர்போனவர்கள். ஒரு சொல் கொஞ்சம் பிசகினால் சாயங்காலம் வரைக்கும் அதை வைத்து ஓட்டுவார்கள்.

முதல் நாள் ஜோடி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "கால் எல்லாம் குடையுது. நீ போயிட்டு வா" என்றாள்.

"நீங்க படுங்கக்கா" என்று செட்டு ஓடினாள். அந்தப் பேச்சைக் கேட்டு ஜோடிக்குப் போர்வைக்குள் ஒரு நிமிஷம் தூக்கிவாரிப்போட்டது. தான் ஒருகாலத்தில் இணையிடம் சொன்னது அல்லவா அது. ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை.

பூவரச மரத்தடியில் மாடத்தி கல்லில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். சடையாண்டி என்கிற வண்டிக்காரன் இலையை விரித்தான்.

"மாடத்தி, ஒரு செட்டு தோசை போடு."

"அது என்னய்யா செட்டு? எத்தனை வைக்கணும்?"

சடையாண்டி தலையைச் சொறிந்தான். "நீ எத்தனை வைக்கிறியோ அதுதான் செட்டு."

மாடத்திக்கு அது பிடித்துப்போயிற்று. இத்தனை நாள் ஜோடி ஜோடி என்று கேட்டவர்களுக்கு இரண்டு வைத்தாள். கல்லில் சின்னதாக மூன்று ஊற்றி வைத்தால் இலையும் நிறையும், பார்க்கவும் அழகு என்று அவளுக்கு வெகுநாள் ஆசை. மூன்று வைத்தாள். பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் வாய் நிறையச் சிரித்தார்கள். மூன்றாவது தோசையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இரண்டாம் நாளும் அப்படியே ஆயிற்று. செட்டு திரும்பி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"மூணு மூணா வைக்கிறாங்கக்கா. 'ஜோடிக்கு இந்த மூணாவது ஏன் வரமாட்டேங்குது'ன்னு ஒரு ஆள் கேட்டான். எனக்குக் கோபம் வந்துருச்சு. பாவம், எங்க அக்காவுக்கு ரெண்டு கைதானேன்னு மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டேன்."

அவள் நல்லதாகத்தான் சொன்னாள். ஜோடிக்கு அது நெஞ்சில் முள்ளாக இறங்கியது. பாவமா? நானா பாவம்? நேற்று நிழல் கேட்டு வந்தவள் என்னைப் பாவம் என்கிறாளா? மேட்டில் எல்லாரும் படுத்தபிறகும் அவளுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் மூன்றாவது தடவை. அவளே போக வேண்டிய நாள். அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

ஆனால் சும்மா போய் வேலையைத் திரும்ப வாங்கினால் இந்த எரிச்சல் ஆறுமா? ஆறாது. செட்டு விழ வேண்டும். விழுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அவள் தடுமாறுகிற அந்த நொடியில் தான் தாவி ஏறி நாக்கில் நிற்க வேண்டும். அடடா, ஜோடி வந்தாளே என்று ஊரே சொல்ல வேண்டும். அவளுக்கு அதை நினைக்கவே இனித்தது.

விடிந்ததும், "இன்னைக்கும் நீயே போயிட்டு வா" என்று செட்டுவிடம் சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் வேறு வழியாக இறங்கி, மாடத்தியின் மாவுப் பானைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்கு என்று பார்த்துப் பதினோரு வண்டி வந்து நின்றது. பூலம்மாள் மகள் கல்யாணத்துக்குப் போகிற மாப்பிள்ளை வீட்டார். பிள்ளைகள் அழுகை, பெண்கள் அவசரம், மாடுகளின் மணிச்சத்தம். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏம்மா, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு. சீக்கிரம் ஆளுக்கு ஒரு... ஒரு... அது வந்து..."

செட்டுவைக் காணோம்.

"ஒரு என்ன?" என்றாள் மாடத்தி, கரண்டியும் கையுமாக.

"அதான்... ஒரு... இந்தா, வாய்ல வருது வரமாட்டேங்குது..."

அத்தை கூப்பிட்டது ஜோடியைத்தான். பழகிய நாக்கு, பழகிய வேலை. ஜோடிக்கு அந்தக் கூப்பாடு நன்றாகக் கேட்டது. கன்றைக் கயிற்றில் இழுப்பதுபோல அவள் உடம்பு முன்னால் போயிற்று. ஓரடி எடுத்து வைத்தால் போதும். ஏறி நின்றுவிடலாம். இரண்டு தடவையோடு கணக்கு முடிந்துவிடும்.

அவள் பானை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம். அவள் வரட்டும். வந்து விழட்டும். அதைப் பார்க்காமல் போக அவளால் முடியவில்லை.

"என்ன அத்தை, பேச்சு மறந்துபோச்சா?" என்று மாப்பிள்ளையின் சேக்காளி ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அத்தைக்கு முகம் சிவந்தது. அவள் இன்னொரு தடவை வாயைத் திறந்தாள். இன்னொரு தடவையும் ஜோடியை இழுத்தது. ஜோடி பல்லைக் கடித்துக்கொண்டு பானையோடு ஒட்டிக்கொண்டாள்.

அப்போது மேட்டிலிருந்து செட்டு விழுந்தடித்து வந்தாள். பாவம், வருகிற வழியில் அடுக்குக்காகப் பாத்திரக் கடைக்கும், பொருத்தத்துக்காகச் செருப்புத் தைக்கிறவரிடமும் போய்விட்டு வந்திருந்தாள். மூச்சு இரைக்க இரைக்க அத்தையின் நாக்கில் தொத்தி ஏறினாள்.

"ஆளுக்கு ஒரு செட்டு போடும்மா!"

"அப்படிச் சொல்லுங்க" என்றாள் மாடத்தி. கல்லில் மாவு சுரீர் என்றது. அவ்வளவுதான், பதினோரு வண்டியிலிருந்தும் குரல் வந்தது. எனக்கு ஒரு செட்டு. இங்க ரெண்டு செட்டு. எங்க பாட்டிக்கு அரை செட்டு. மாப்பிள்ளையின் சேக்காளிகள் தோளில் கைபோட்டுக்கொண்டு, "நாங்க ஒரே செட்டு, எங்களுக்கு ஒரே இலையில போடு" என்றார்கள். கையில் கிடைத்ததற்கெல்லாம் அந்தப் புதுச்சொல்லைப் பூசிப் பார்த்தார்கள். செட்டு ஒரு நாக்கிலிருந்து இறங்கி அடுத்த நாக்கில் ஏறுவதற்குள் அடுத்தவர் கூப்பிட்டார்.

அவள் எங்கேயும் விழவில்லை. பானைக்குப் பின்னால், கொண்டையிலும் மூக்குத்தியிலும் மாவு அப்பிய ஜோடிதான் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். மூன்று.

வழக்கண்ணன் மேட்டுப் பாறையில் உட்கார்ந்திருந்தார். ஜோடி மாவோடு ஓடிவந்தாள்.

"அண்ணே, மூணாவது தடவை சேராது. நான் அங்கேயேதான் இருந்தேன்."

"எங்க இருந்தே?"

"மாவுப் பானைக்குப் பின்னால."

"கூப்பிட்டாங்களா?"

ஜோடி கொண்டையிலிருந்த மாவை உதறினாள்.

"கேக்கிறேன்ல தாயி. உன்னைக் கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க. ரெண்டு தடவை."

"ஏன் போகல?"

ஜோடி சேலைத் தலைப்பால் மூக்குத்தி மாவைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கண்ணில் நீரும் வந்தது. "அவ விழறதைப் பார்க்கணும்னு இருந்தேண்ணே."

அதற்குள் அடுக்கும் பொருத்தமும் வந்து சேர்ந்தார்கள். ஓய்வெடுத்த சுகத்தில் இரண்டு பேரும் எண்ண மறந்திருந்தார்கள். பாத்திரத்துக்கு செட்டு நாலு தடவை போயிருந்தாள். சட்டைக்கும் செருப்புக்கும் ஏழு தடவை.

"எல்லாம் உன்னாலதாண்டி!" என்று அடுக்கு கத்தினாள். "உன் வயித்தெரிச்சலுக்கு என் பாத்திரம் போச்சு! இணை வாய்ல மண்ணைப் போட்டவதானே நீ. புத்தி எங்க போகும்?"

"ஜாதகம் என்கிட்டதான் இருக்கு. பத்துப் பொருத்தத்தை எவளும் தொட முடியாது" என்று பொருத்தம் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். ஆனால் துண்டு தோளில் நிற்கவில்லை.

செட்டு அப்போதுதான் மேலே வந்தாள். நடந்ததைக் கேட்டதும் பயந்துபோனாள்.

"அண்ணே, எனக்கு இதெல்லாம் வேண்டாம். நான் ஒரே ஒரு வேலைதானே கேட்டேன். அக்காவோட தோசையை அக்காகிட்டயே..."

சொல்லி முடிப்பதற்குள் ஊரிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். பந்தலில் பாட்டுப் பெட்டியும் குழாயும் கட்டுகிறார்களாம், மைக்குக்குக் கைபிடிக்க ஆள் வேண்டுமாம். போய்விட்டு வந்தாள்.

"...அக்காகிட்டயே குடுத்துருங்க. நான் பம்பு தம்பியோட மட்டும்..."

மறுபடி கூப்பாடு. கிழவர் ஒருவர் கழற்றி மாட்டுகிற பல் வாங்கியிருக்கிறார். போய்விட்டு வந்தாள்.

"...பம்பு தம்பியோட மட்டும் இருந்துக்கிறேன். என்னால ஓட முடியாதுண்ணே, நான்..."

வளையல்காரர் கூப்பிட்டார். இந்தத் தடவை அவள் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

"நான் குடுத்திருந்தா நான் திருப்பி வாங்கிரலாம்" என்றார் வழக்கண்ணன், அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டு. "குடுத்தது ஊரார் வாய். அதை யார் போய்ப் பிடுங்க முடியும்?" பிறகு ஜோடியின் பக்கம் திரும்பினார். "தோசை போச்சு. காளை, செருப்பு, மாப்பிள்ளை பெண்ணு, இதெல்லாம் இன்னும் உன்கிட்டதான் இருக்கு. போ. அங்க முகூர்த்தம் முடியப்போகுது."

ஜோடி அதுவரை அப்படி ஓடியதே இல்லை. கொண்டை ஒன்று அவிழ்ந்து போனதைக்கூடப் பார்க்கவில்லை. அவள் கல்யாண வீட்டு வாசலில் போய் நின்றபோது தாலி கட்டி முடிந்து மாப்பிள்ளையும் பெண்ணும் வெளியே வந்தார்கள். பெண்ணுக்கு வெட்கம், மாப்பிள்ளைக்கு அந்தச் சட்டை இறுக்கம். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தார்கள். அத்தை அவர்களைப் பார்த்து வாயைத் திறந்தாள். ஜோடி தாவி ஏறினாள். நாக்கு முழுவதையும் அடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் அகல விரித்து நின்றாள். இங்கே மட்டும் யாரையும் விடுவதில்லை.

"ஜோடி..." என்றாள் அத்தை. ஜோடிக்கு உயிர் வந்தது.

"ஜோடி நல்லா..."

காலையில் தின்ற தோசையின் ருசி அத்தையின் நாக்கில் இன்னும் இருந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு செட்டு மேலே வந்தாள். அவளும் ஆசைப்பட்டு வரவில்லை. கூப்பிட்டார்கள், வந்தாள். ஜோடியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஜோடி நல்லா செட்டாயிருக்கு!"

வாசலில் இருந்த அத்தனை பேரும் ஆமாம் என்றார்கள். ஜோடிக்கு வந்த கோபத்துக்கு, முழங்கையால் ஓங்கி ஒரு இடி இடித்தாள். செட்டு பற்களின் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றாள். விழவில்லை. அவளுக்குப் போக வேறு இடமும் இல்லை.

அன்று முதல்தான் பம்புக்கும் பல்லுக்கும் தோசைக்கும் வளையலுக்கும் சேக்காளிகளுக்கும் நாம் ஒரே செட்டுவைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், அவளும் உட்காராமல் ஓடிக்கொண்டிருக்கிறாள். கல்யாண வீட்டில் மட்டும், ஜோ...டி என்று வாய் நிறைய இழுத்துவிட்டு, செட்டு என்பதைப் பல்லில் பட்டும் படாமல் வெடுக்கென்று சொல்லி முடிக்கிறோம். ஏனென்றால் நம் நாக்கின்மேல் ஜோடி இன்றைக்கும் அவளை முழங்கையால் இடித்துக்கொண்டுதான் நிற்கிறாள்.